பயோடீசலும் மோட்டார் காரும்

எண்ணெய் என்றதும் நம்மில் பெரும்பாலோர்க்கு நினைவுக்கு வருவது வாணலியும் வடையுந்தான். அதே எண்ணெய் மோட்டார் காரையும் ஓட்டும் என்றால் கேட்பவர் சிரிக்கக்கூடும். ஆயினும் அஃது உண்மை. நூறாண்டுகளுக்கு மேற்பட்ட பழைய உண்மை. என்றாலும் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த வியப்பு அன்று. என் சித்தப்பா கேட்ட ஒரு கேள்வியே காரணம்.

சித்தப்பா வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவர். 2012-ல் வாங்கிய டீசல் கார் ஒன்றைப் பல ஆண்டுகள் ஓட்டி வந்தார். ஒருமுறை நெடுஞ்சாலையோரத்தில், பங்க் விலையைக் காட்டிலும் குறைந்த விலைக்குப் 'பயோடீசல்' என்று சொல்லி யாரோ விற்றதை நம்பித் தொட்டி நிறைய நிரப்பிக்கொண்டார். முந்நூறு கிலோமீட்டர் போவதற்குள் வண்டி மேட்டில் இழுக்க மறுத்தது. பிறகு நடுவழியில் நின்றே போயிற்று. பட்டறையில் டீசல் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தபோது அதில் தார் போன்ற கசடு அடைத்துக் கிடந்ததாம். இப்போது அவர் கடன் வாங்கி, 2021-ல் தயாரான ஒரு டீசல் காரை வைத்திருக்கிறார். மாதத் தவணை கட்ட வேண்டும். ஒரு நாள் வண்டி நின்றால் வீட்டில் அடுப்பு எரிவது கடினம். சென்ற தீபாவளி விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது, "டேய், நீ கெமிஸ்ட்ரிதானே படிக்கிறே? இந்தப் பயோடீசல் வண்டிக்கு நல்லதா கெட்டதா, ஒரே வார்த்தையில சொல்லு" என்றார். ஒரே வார்த்தையில் சொல்ல இயலவில்லை. விடுமுறை முடிந்து நூலகத்தில் அமர்ந்து படித்த பிறகுதான் ஏன் இயலவில்லை என்பது புரிந்தது.

முதலில் சிறிது வரலாறு. 1900-ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியில் ஒரு சிறிய டீசல் எஞ்சின் நிலக்கடலை எண்ணெயில் ஓடியது. ருடால்ஃப் டீசலே அதனை ஓட்டிக் காட்டினார் என்று பலரும் எழுதுகின்றனர். அஃது ஓட்டோ கம்பெனியார் காட்டிய எஞ்சின் என்றும், பிரெஞ்சு அரசின் விருப்பத்தின்பேரில் அவ்வாறு செய்யப்பட்டது என்றும் டீசலே 1912-ல் குறிப்பிட்டிருக்கிறார். ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளில் கடலை மலிவாக விளைந்தது. நிலக்கரியும் பெட்ரோலியமும் வெளியிலிருந்து வர வேண்டியிருந்தது. பெட்ரோலிய டீசல் மலிந்ததும் இந்த முயற்சியை உலகம் மறந்துவிட்டது.

மறந்ததற்கு விலை மட்டும் காரணம் அன்று. தாவர எண்ணெயின் பாகுநிலை டீசலினுடையதைப் போல ஏறத்தாழப் பத்து மடங்கு. நல்லெண்ணெயையும் மண்ணெண்ணெயையும் அடுத்தடுத்து ஊற்றிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இன்ஜெக்டரின் நுண்துளை வழியே எரிபொருள் பனிப்புகைபோல் சிதற வேண்டும். எண்ணெய் அவ்வாறு சிதறாமல் பெருந்துளிகளாக விழும். பாதி எரிந்து, மீதி கரியாக ஒட்டிக்கொள்ளும். இதற்கு வேதியியல் கண்ட வழி, எண்ணெயின் மூலக்கூற்றைச் சிறிதாக்குவது. கிளிசரால் என்னும் ஒரு முதுகெலும்பில் மூன்று கொழுப்பு அமிலங்கள் தொங்குவதே எண்ணெய் மூலக்கூறு. மெத்தனாலைச் சேர்த்து, சிறிது காரத்தை வினையூக்கியாக இட்டுச் சூடாக்கினால் அம்மூன்றும் கிளிசராலை விட்டுப் பிரிந்து மெத்தில் எஸ்டர்களாகின்றன. இந்த எஸ்டர்தான் பயோடீசல். 1937-ல் பெல்ஜியத்தில் இம்முறைக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டே பனையெண்ணெய் எஸ்டரைக் கொண்டு பிரஸ்ஸல்ஸுக்கும் லூவேனுக்கும் இடையே ஒரு பஸ் ஓடியது.

நண்பர்கள் நால்வர் சேர்ந்து நம் ஆய்வுக்கூடத்தில் இதைச் செய்து பார்த்தோம். விடுதிச் சமையற்காரரிடம் கெஞ்சி, பஜ்ஜி பொரித்து மிஞ்சிய எண்ணெயில் 200 மி.லி. பெற்றோம். 45 மி.லி. மெத்தனாலில் சோடியம் ஹைடிராக்ஸைடைக் கரைத்துச் சேர்த்து, 60 டிகிரி சென்டிகிரேடில் ஒரு மணி நேரம் கலக்கினோம். காலையில் வந்து பார்த்தால் குடுவை நிறையக் கஞ்சி போல ஒன்று உறைந்திருந்தது. ஆசிரியர் பார்த்துவிட்டு, "சோப்புத் தொழிற்சாலை ஆரம்பித்துவிட்டீர்களா?" என்றார். அவர் சொன்னது சரியே. பலமுறை காய்ந்த எண்ணெயில் தனித்துவிட்ட கொழுப்பு அமிலமும் நீரும் மிகுந்திருக்கும். அந்த அமிலம் காரத்தோடு சேர்ந்து சோப்பாகிவிடும். நீர் அதற்குத் துணை செய்யும். மறுமுறை எண்ணெயைக் காய்ச்சி நீரைப் போக்கி, தரம் பார்த்து அமிலத்தின் அளவை அறிந்து, அதற்கேற்பக் காரத்தைக் கூட்டினோம். இம்முறை இரண்டு அடுக்குகள் தெளிவாகப் பிரிந்தன. அடியில் பழுப்பு நிறக் கிளிசரின். மேலே தேன் நிறத்தில் எஸ்டர். அதைக் கார்த் தொட்டியில் ஊற்றிப் பார்க்கலாமா என்று ஒருவன் கேட்டான். கூடவே கூடாது. அதில் எஞ்சி நிற்கும் மெத்தனாலும் சோடியமும் சோப்பும் எஞ்சினுக்குப் பகை. சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்து கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது ஐரோப்பியத் தரம். எங்கள் குடுவைக்கு அந்தக் கௌரவம் கிடைத்திராது.

இனி காருக்கு வருவோம். கலவையைப் 'பி' என்னும் எழுத்தோடு ஓர் எண் சேர்த்துக் குறிப்பர். பி-7 என்றால் நூற்றில் 7 பங்கு பயோடீசல், மீதி சாதாரண டீசல். பி-20 என்றால் 20 பங்கு. பி-100 தூய பயோடீசல்.

ஓட்டுநர் முதலில் கேட்பது மைலேஜ். எஸ்டர் மூலக்கூற்றில் எடைக்கு ஏறத்தாழ 11 விழுக்காடு ஆக்ஸிஜன் உண்டு. ஆக்ஸிஜன் எரிய உதவுமே தவிர, தான் எரிந்து வெப்பம் தராது. ஆகவே ஒரு லிட்டர் பயோடீசலில் உள்ள ஆற்றல், ஒரு லிட்டர் டீசலில் உள்ளதைவிடச் சுமார் 8 விழுக்காடு குறைவு. லிட்டருக்கு 20 கிலோமீட்டர் ஓடும் ஒரு காரை எடுத்துக்கொள்வோம். தூய பயோடீசலில் அது 18.4 கிலோமீட்டர் ஓடும். பி-20-ல் குறைவது 300 மீட்டர் அளவே. பி-7-ல் 100 மீட்டர் அளவு. டயரில் காற்று குறைந்தாலே இதைவிட அதிகமாக மைலேஜ் குறையும். இழுவைத் திறனும் அவ்வாறே. பி-20 வரை ஓட்டுபவரின் காலுக்கு வேறுபாடு தெரிவதரிது. மாறாக இரு நன்மைகள் உண்டு. பயோடீசல் பொதுவாக எளிதில் தீப்பற்றும். அதாவது சீட்டேன் எண் பெரும்பாலும் உயர்வு. ஆகையால் எஞ்சினின் தடதடப்பு சற்று அடங்கும். இன்னொன்று வழவழப்பு. கந்தகத்தைப் பிரித்தெடுக்கும்போது டீசலின் இயற்கையான வழவழப்பும் போய்விடுகிறது. பம்பின் பாகங்கள் தேய்கின்றன. 1 அல்லது 2 விழுக்காடு பயோடீசல் சேர்த்தாலே அந்தக் குறை தீர்ந்துவிடும்.

புகைக்கு வருவோம். டீசல் எஞ்சினுள் எரிபொருள் தாரையின் நடுப்பகுதிக்குக் காற்று போதிய அளவு எட்டுவதில்லை. அங்கேதான் கரித்துகள் பிறக்கிறது. எரிபொருளே தன்னுள் ஆக்ஸிஜனைக் கொண்டு வந்தால் அந்த மூச்சுத்திணறல் குறையும். பயோடீசலில் கந்தகம் மிகச் சொற்பம்; கரிக்கு வித்தான அரோமாட்டிக் சேர்மங்களும் இல்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பல சோதனைகளைத் தொகுத்து 2002-ல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. அதன்படி பி-20-ல் துகள்கள் சுமார் 10 விழுக்காடும், கார்பன் மோனாக்ஸைடு 11 விழுக்காடும், எரியாத ஹைட்ரோகார்பன்கள் 21 விழுக்காடும் குறைந்தன. தூய பயோடீசலில் துகளும் கார்பன் மோனாக்ஸைடும் ஏறத்தாழப் பாதியாயின. சைலன்ஸரிலிருந்து வருவது பஜ்ஜிக் கடை வாசனை என்று சிலர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அதில் உண்மையும் இல்லாமலில்லை.

ஆனால் அதே அறிக்கையில் ஒரு கணக்கு எதிர்த்திசையில் போகிறது. நைட்ரஜன் ஆக்ஸைடுகள் பி-20-ல் 2 விழுக்காடும், தூய பயோடீசலில் 10 விழுக்காடும் கூடின. காரணம் சுவையானது. பயோடீசல் டீசலைவிட அமுக்கத்திற்கு இணங்காதது. பழைய வகைப் பம்பில் அழுத்த அலை குழாய் வழியே விரைந்து செல்வதால், இன்ஜெக்டர் குறித்த நேரத்திற்குச் சற்று முன்பே திறந்துவிடுகிறது. எரிதல் முந்துகிறது, உச்ச வெப்பம் உயர்கிறது, காற்றில் சும்மா இருந்த நைட்ரஜன் ஆக்ஸிஜனோடு சேர்ந்துவிடுகிறது. காமன் ரெயில் எஞ்சினில் இன்ஜெக்டரை மின்சாரம் திறப்பதால் இந்த முந்துதல் இல்லை. ஆனாலும் வேறொரு வழியில் வெப்பம் ஏறக்கூடும். ஒளிர்ந்து எரியும் கரித்துகள்கள் தீயின் வெப்பத்தைக் கதிர்வீச்சாக வெளியே தள்ளுகின்றன. கரி குறைந்தால் அந்த வெப்பம் உள்ளேயே தங்குகிறது. கரியைக் குறைத்ததற்குத் தண்டனை போல! இவ்வாயு வெயிலில் ஹைட்ரோகார்பன்களோடு சேர்ந்து ஓசோனை உண்டாக்கி மூச்சுக்குழலை அரிக்கும். வெயிலுக்குப் பஞ்சமில்லாத நாட்டில் இதைச் சிறிய கணக்கென்று தள்ள முடியாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. மேற்கண்ட எண்கள் பெரும்பாலும் 1990-களிலும் அதற்கு முன்னரும் வந்த லாரி, பஸ் எஞ்சின்களில் அளந்தவை. அவற்றை எடுத்து இன்றைய காருக்கு ஒட்டவைத்துப் பேசுவோர் பலர். கார்களில் செய்த சோதனைகள் ஒன்றுக்கொன்று மாறுபடுகின்றன. சிலவற்றில் நைட்ரஜன் ஆக்ஸைடு கூடுகிறது, சிலவற்றில் குறைகிறது. அதற்கும் மேலாக, காரே மாறிவிட்டது. நம் நாட்டில் பி.எஸ். 4 தரத்தில் ஒரு டீசல் கார் கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் துகள் வெளியிடலாம். 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6-ல் அந்த எல்லை 4.5 மில்லிகிராம். நைட்ரஜன் ஆக்ஸைடின் எல்லை 250-லிருந்து 80 மில்லிகிராமாக இறங்கிற்று. எரிபொருளை மாற்றி இதை எட்ட முடியாது. சைலன்ஸர் பாதையில் துகள் வடிகட்டியை வைத்தே எட்டினர், பட்டறைக்காரர்கள் டி.பி.எஃப். என்பது இதனைத்தான். கரியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அங்கேயே பிடிபடுகிறது. அவ்வாறாயின் பயோடீசல் முன்கூட்டியே குறைக்கும் பத்து விழுக்காட்டினால் வெளிக்காற்றுக்குக் கிடைக்கும் இலாபம் என்ன? ஏறக்குறைய ஒன்றுமில்லை. வடிகட்டி சற்று மெதுவாக நிரம்பும், அவ்வளவே.

நட்டமோ உண்டு. அதுதான் சித்தப்பாவின் புதிய காரைப் பற்றிய செய்தி. வடிகட்டியில் கரி நிறைந்ததும் அதை எரித்துத் துப்புரவு செய்ய வேண்டும். அதற்குப் புகை சுமார் 600 டிகிரிக்குச் சூடேற வேண்டும். பல கார்களில் இதற்குக் கையாளும் உபாயம், பிஸ்டன் கீழே இறங்கிக்கொண்டிருக்கும் கடைசி நேரத்தில் சிறிது எரிபொருளை மீண்டும் பீய்ச்சுவது. அது சிலிண்டருக்குள் எரியாமல், ஆவியாகிப் போய், வழியிலுள்ள வினையூக்கியின் மேல் எரிந்து வெப்பம் தருகிறது. சாதாரண டீசல் சுமார் 180 டிகிரியிலிருந்து 360 டிகிரி வரை படிப்படியாகக் கொதிக்கும் பல பொருள்களின் கலவை, பெரும்பகுதி ஆவியாகிவிடும். சிறிது சிலிண்டர் சுவரில் பட்டு ஆயில் சேம்பருக்குள் வழிந்தாலும், சூடான எஞ்சின் ஆயிலிலிருந்து மெல்ல ஆவியாகித் தப்பிவிடும். பயோடீசலோ முழுவதும் 330 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். சுவரில் பட்டது பட்டதுதான். சேம்பருக்குள் இறங்கினால் திரும்பாது. நாளடைவில் ஆயில் அளவு தானாக ஏறும். ஆயில் தீராமல் ஏறுகிறதே என்று மகிழ்பவரும் உண்டு! உண்மையில் ஆயில் நீர்த்துப் போகிறது, உள்ளே புகுந்த எஸ்டர் ஆக்ஸிஜனேற்றமடைந்து கசடாகிறது, பேரிங்குகள் தேய்கின்றன. டவுனுக்குள்ளேயே குறுகிய சவாரி ஓட்டும் காரில் இத்துப்புரவு பாதியில் நின்று அடிக்கடி தொடங்குவதால் தொல்லை அதிகம்.

ஜெர்மனியில் நடந்தது இதற்கு நல்ல சான்று. 1990-களிலும் அடுத்த சில ஆண்டுகளிலும் அங்கே ஆயிரத்துக்கு மேற்பட்ட பங்குகளில் கடுகினப் பயிரான ரேப் விதையின் தூய பயோடீசல் விற்றது. சில கார்களுக்கு அதைத் தயாரிப்பாளர்களே அனுமதித்தனர். துகள் வடிகட்டி வந்ததும் அந்த அனுமதி நின்றது. வரியும் உயர்ந்ததால் வியாபாரமும் சுருங்கியது. இன்று ஐரோப்பாவின் சாதாரண டீசலில் 7 விழுக்காடு வரை பயோடீசல் இருக்கலாம். நம் நாட்டுப் பி.எஸ். 6 டீசலுக்கான தரமும் அந்த 7 விழுக்காட்டைத்தான் எல்லையாக வைத்திருக்கிறது.

சித்தப்பாவின் பழைய காருக்கு என்ன நேர்ந்தது? இரண்டில் ஒன்றுதான். பயோடீசல் ஒரு நல்ல கரைப்பான். பல ஆண்டுகளாக டீசல் ஓடிய தொட்டியின் அடியிலும் குழாயிலும் படிந்த கசடை அது கரைத்து எடுத்துவந்து ஃபில்டரில் சேர்த்துவிடும். சாதாரண நைட்ரைல் ரப்பர் குழாய்களையும் வளையங்களையும் ஊதவைத்து மென்மையாக்கும். ஆகையால்தான் அதிகக் கலவைக்கு மாறும் பழைய வண்டியில் முதல் சில வாரங்களிலேயே ஃபில்டரை மாற்ற வேண்டும் என்பர். மற்றொன்று, அவர் வாங்கியது பயோடீசலே அன்று என்பது. அந்தப் பெயரில் வேறு தொழில் எண்ணெய்களை வாகனங்களுக்கு விற்பது நாட்டில் நடந்திருக்கிறது. 2021-ல் குஜராத்தில் அரசு இதற்கெனக் கடும் நடவடிக்கை எடுக்க நேர்ந்தது. விலை குறைவாக இருந்ததைப் பார்த்தால் எனக்கு இரண்டாவதன் மேல்தான் ஐயம். நல்ல பயோடீசலைச் செய்து டீசலைவிட மலிவாக விற்பது எளிதாயிருந்தால், நம் நாட்டின் திட்டம் இப்படி ஆகியிராது.

அந்தத் திட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 2002 டிசம்பர் 31 அன்று டெல்லி–அமிர்தசரஸ் சதாப்தி விரைவு ரயில் 5 விழுக்காடு பயோடீசல் கலந்து ஓடியது. 2004-ல் பவநகர் மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையம் தயாரித்த காட்டாமணக்குப் பயோடீசலில், எஞ்சினில் மாற்றம் எதுவுமின்றி மெர்ஸிடிஸ் கார்கள் ஏறத்தாழ 5,900 கிலோமீட்டர் ஓடிக் காட்டின. கார் ஓடியது; செடிதான் ஓடவில்லை. தரிசு நிலத்தில் நீரின்றி விளையும் என்று சொல்லப்பட்ட காட்டாமணக்கு, நீரின்றி உயிரோடு இருந்ததே தவிரக் காய்க்கவில்லை. தமிழ்நாட்டிலும் நம்பி நட்ட உழவர் பலர் பிடுங்கி எறிந்தனர். 2017-க்குள் 20 விழுக்காடு என்று 2009-ல் வகுத்த கொள்கை, 2018-ல் 2030-க்குள் 5 விழுக்காடு என்று இறங்கியது. சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்யும் நாடு அதை எஞ்சினுக்கு ஊற்ற முடியாது. இந்தோனேசியா பனையெண்ணெய் மிகுந்த நாடாதலால் 2025-ல் 40 விழுக்காட்டுக்குப் போய்விட்டது. ஆனால் காட்டை அழித்து நட்ட பனையின் எண்ணெயால் கரியமில வாயு குறைந்தது என்று கணக்கெழுத எவராலும் இயலாது. சைலன்ஸரில் வரும் கரியமில வாயு இரண்டு எரிபொருளிலும் ஏறத்தாழ ஒன்றே. மிச்சமோ நட்டமோ வயலில்தான் தீர்மானமாகிறது.

இந்த வகையில் பழுதற்றது பொரித்து மிஞ்சிய எண்ணெய். அதற்காக ஒரு மரமும் வெட்ட வேண்டியதில்லை. எண்ணெயில் முனைவுச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் சமையலுக்கு ஆகாது என்று 2018 ஜூலை முதல் விதி இருக்கிறது. அப்படிக் கழித்ததைப் பயோடீசலுக்குச் சேகரிக்கும் ஏற்பாடும் அவ்வாண்டே தொடங்கியது. அதை எங்கே எரிப்பது என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. வடிகட்டியுள்ள புதுக் காரில் அதனால் காற்றுக்கு நன்மை சொற்பம், காருக்குத் தொல்லை அதிகம். வடிகட்டி இல்லாத பழைய பஸ், டிராக்டர், கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் இவற்றில் அதே லிட்டர் கண்ணுக்குத் தெரியுமளவு புகையைக் குறைக்கும். ஃபில்டரையும் ரப்பர்க் குழாய்களையும் கவனித்துக்கொண்டால் போதும். நம் நாட்டில் பேச்சு என்னவோ எப்போதும் காரைச் சுற்றியே நடக்கிறது.

சென்ற வாரம் சித்தப்பாவைத் தொலைபேசியில் அழைத்தேன். "பங்கில் வருகிற டீசலே போதும், அதில் கொஞ்சம் கலந்திருந்தாலும் பயமில்லை. வெளியில் வாங்கி ஒரு சொட்டும் ஊற்றாதீங்க சித்தப்பா. வாரம் ஒருமுறை காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்க, ஆயில் ஏறியிருந்தால் உடனே மாத்திடுங்க" என்றேன். "ஆயில் குறையுதான்னுதான்டா இத்தனை வருஷமா பார்த்தேன்" என்றார். மறுநாள் விடியற்காலையிலேயே டிப்ஸ்டிக்கைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். அளவு இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருந்தது.